போன்சாய் வகுப்பு பிறந்த கதை

போன்சாய் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பட்டறைக்குப் பணம் கட்டினால் போதும். ஒரு செடி, ஆழமில்லாத ஒரு தொட்டி, கொஞ்சம் கம்பி, ஒரு கத்தரி. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, சாயங்காலம் குட்டி மரத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். இது காலகாலமாக இருந்துவரும் வழக்கம் என்றுதான் தோன்றும். ஆனால் ஜப்பானிலேயே வெளியாட்களுக்கான இப்படிப்பட்ட வகுப்பின் வயது எழுபதுக்குக் கொஞ்சம் மேலேதான்!

அதற்கு முன்பு அங்கே நடந்தது கிட்டத்தட்ட நம்ம ஊர் குருகுலம். சீடன் குருவின் தோட்டத்திலேயே வருடக்கணக்கில் கிடப்பான். பெருக்குவான், களை பிடுங்குவான், தண்ணீர் ஊற்றுவான். 'தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருடம்' என்று ஜப்பானியர்களிடம் ஒரு சொலவடையே உண்டு. கேட்டால் மிரட்டல் மாதிரி இருக்கும், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தொட்டியில் இருப்பது நாலைந்து கைப்பிடி மண். கோடையில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதிகமாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். பைனுக்கு ஒரு தாகம், மேப்பிளுக்கு வேறு தாகம். எல்லாப் பருவத்தையும் சில முறையாவது பார்த்தால்தான் கை பழகும். குரு விளக்கமாட்டார், சீடன்தான் பார்த்துக் கற்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலை ஏறக்குறைய முடித்துவிட்டது. சாப்பாட்டுக்கே வழியில்லாத நாட்டில் அலங்கார மரத்தை யார் பார்ப்பார்கள்? 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த தோட்டக்காரர்கள் உருவாக்கிய ஒமியா போன்சாய் கிராமமும் போரில் நலிந்துபோனது.

1952 ஏப்ரலில் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. அதே வருடம் 31 வயதான யூஜி யோஷிமுரா, ஆல்பிரட் கோன் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து தோக்கியோவில் வெளிநாட்டவருக்கும் போன்சாய் கற்றுத்தர ஆரம்பித்தார். யோஷிமுரா, போன்சாய் உலகில் பெரிய பெயரான தோஷிஜி யோஷிமுராவின் மகன். கோன் 1937லேயே ஜப்பானியத் தட்டு நிலக்காட்சிகள் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டவர். ஏழு வருடம் முன்புவரை எதிரி நாடாக இருந்தவற்றின் மக்களுக்கும் அந்த வகுப்பில் இடம் இருந்தது.

இதில் பெரிய விஷயம் என்னவென்றால், வந்தவர்கள் ஐந்து வருடம் களை பிடுங்கப் போவதில்லை. பார்த்துக் கற்கட்டும் என்று விட முடியாது. 'ஏன்' என்று கேட்பார்கள், வாயால் பதில் சொல்லியாக வேண்டும். வேரை வெட்டினால் மேலே இலையையும் ஏன் குறைக்க வேண்டும்? (குறைந்த வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது.) கம்பியை ஏன் கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கிச் சாய்வாகச் சுற்ற வேண்டும்? கிளை பருக்கும்போது பட்டையில் பதியும் முன்னால் ஏன் அதை வெட்டி எடுக்க வேண்டும்? கைக்குள் இருந்த அறிவு வார்த்தையாக மாறியது இப்படித்தான். அதன் பலன், தன் மாணவி ஜியோவானா ஹால்போர்டுடன் சேர்ந்து யோஷிமுரா 1957இல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம். பல மேற்கத்தியர்களுக்கு அதுதான் முதல் பாடநூல். 1958இல் அவரே அமெரிக்கா போய் கற்பிக்கத் தொடங்கினார்.

வார்த்தைக்குள் அடங்காமல் மிஞ்சியது அந்தத் தண்ணீர்தான். பட்டறையில் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டு போன மரம் ஒரே மாதத்தில் வீட்டில் காய்ந்துபோவது இன்றும் சகஜம்.

1976இல் அமெரிக்காவின் 200ஆவது ஆண்டுக்கு ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தது. அதில் ஒன்று, 1625 முதல் வளர்க்கப்படும் வெள்ளைப் பைன். ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்துத் தோட்டத்தில் 1945 அணுகுண்டுக்குத் தப்பிய மரம். கொடுத்தவர்கள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. 2001இல் குடும்பத்துப் பேரன்கள் வாஷிங்டனுக்கு வந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அதுவரை இருபத்தைந்து வருடம், கதை தெரியாமலேயே, அமெரிக்கர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.