துளை தேடும் விரல்

போல்ட்டை முறுக்குவது பெரிய வேலையல்ல. அதைத் துளைக்குள் பிடிக்க வைப்பதுதான் வேலை. போல்ட் இம்மி சாய்ந்தாலும் விரல்நுனிக்குத் தெரிந்துவிடும். கால் சுற்று பின்னால் திருப்பி, புரி சரியாக விழுந்த பிறகே விரல் மறுபடி ஏற்றும். 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்ப்ளி லைன் வந்தபோது இந்த அறிவைக் கணக்கில் சேர்க்க ஆளில்லை. போல்ட்டைச் செருக ஒருவர், நட் போட ஒருவர், இறுக்க ஒருவர் என்று வேலை துண்டுபட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த கார் சேஸிஸ் வேலை அடுத்த ஆண்டில் 93 நிமிடத்தில் முடிந்தது. ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் (1936) சாப்ளின் காட்டியதும் முறுக்கும் கையைத்தான். செருகும் விரல் யார் கண்ணிலும் படவில்லை. செருகுவது எவரும் செய்யக்கூடிய வேலை என்ற கணிப்பு தவறு என்பதை, ரோபோ வந்த பிறகுதான் தொழிற்சாலைகள் உணர்ந்தன.

1961இல் நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ‘யூனிமேட்’ ரோபோ வேலைக்கு வந்தது. சூடான வார்ப்புகளை எடுத்தது; பின்னர் வெல்டிங்கும் ரோபோ கைக்குப் போனது. பாகங்களைக் கோக்கும் கடைசி வேலை மட்டும் மனிதரிடமே நின்றது. வெல்டிங்குக்குக் குறித்த இடத்தைத் தொட்டால் போதும். போல்ட்டோ உள்ளே நுழைந்தாக வேண்டும். விறைப்பான இரும்புக் கை மயிரிழை விலகினாலும் திருகு சிக்கிக்கொள்ளும். 1970களில் அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் டேனியல் விட்னி குழுவினர் இந்தச் சிக்கலையே ஆராய்ந்து, தானே வளைந்துகொடுக்கும் ஒரு மணிக்கட்டை உருவாக்கினார்கள். வோக்ஸ்வாகன் தன் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையின் 54ஆம் கூடத்தில் வேறு வழி கண்டது. ரோபோவை அப்படியே விட்டு, திருகை மாற்றியது. துளைக்குள் வழுக்கி இறங்கும் கூம்பு முனைத் திருகுக்கு 18 சதவீதம் கூடுதல் விலை கொடுத்தது. விரல் சும்மா செய்துவந்த வேலைக்கு அங்கேதான் முதன்முதலாக ஒரு விலை எழுதப்பட்டது என்பேன்.

மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும், கோபாட் எனப்படும் கூட்டு ரோபோ இந்த வரிசையில்தான் வருகிறது. 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவோடு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்கேட், பெஷ்கின் இருவரும் செய்த முதல் கோபாட்கள் தாமாக நகரவே நகராது. தள்ளுவது மனிதர், வழி திருப்புவது கணினி. பின்னால் வந்தவை தாமே இயங்கினாலும், எதிர்ப்பு கூடினால் நின்றுவிடும். வேலிக்குள் இருக்கும் ரோபோவைவிட இது மெதுவானதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இங்கே தேவைப்பட்டது வேகமல்ல, விரலைப் போல எதிர்ப்பை உணர்வது. பாதுகாப்பு பற்றிய ஐயத்தில் நியாயம் உண்டு: கை மென்மையாக இருந்தாலும் அது பிடித்திருக்கும் கருவி கூராக இருக்கலாம். உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று 2016இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வரம்பு வகுத்தது அதனால்தான். வேலை பறிபோகுமே என்ற அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். குனிந்து நிமிரும் வேலையை ரோபோ எடுத்துக்கொண்டபின் அந்தத் தொழிலாளியை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது நிர்வாகமே, ரோபோ அல்ல. 2013இல் வோக்ஸ்வாகனின் சால்ஸ்கிட்டர் இன்ஜின் ஆலை ஒரு பதில் சொன்னது. சிலிண்டர் ஹெட்டில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துளைகளுக்குள், எளிதில் உடையும் குளோ பிளக்குகளை அதுவரை குனிந்து நின்றே செருகினார்கள். அந்தச் செருகல் ரோபோவுக்குப் போனது. பிளக்கை இறுக்கும் வேலை பக்கத்திலேயே, வேலியில்லாமல், தொழிலாளியிடம் இருந்தது.