கல்லீரலில் தேயும் நுனி

போன வாரம் எங்க பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். ரத்தம் கொடுத்தால் டெலோமியர் நீளத்தை அளந்து உடம்போட நிஜ வயசைச் சொல்வாங்களாம். அவருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்குற நோய். "கேன்சர் வருமான்னு இதுல தெரிஞ்சிடுமாடா?" என்றார். சட்டுன்னு பதில் வரல.

இந்தக் கதை ஒரு கோழியில தொடங்குது. 1912-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் காரல் கோழிக்கருவின் இதயத் திசுவை வளர்க்க ஆரம்பித்தார். 1944-ல் அவரே இறந்துட்டார். திசு 1946 வரை வளர்ந்தது. செல்லுக்குச் சாவே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். நோபல் வாங்கினவர் சொன்னா யார் மறுப்பாங்க? தீனியாக ஊற்றிய கருச்சாறில் புதுச் செல்களும் போயிருக்கும் என்பது பிற்காலச் சந்தேகம். 1961-ல் பிலடெல்பியாவில் ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள்: மனித செல் சுமார் 50 தடவை பிரியும், அப்புறம் நின்னுடும்.

காரணம் குரோமோசோமின் நுனியில் இருந்தது. அந்த நுனிதான் டெலோமியர். செல் பிரியப் பிரிய அது தேயும். தேய்ந்ததை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியின் தடயத்தை 1984 கிறிஸ்துமஸ் அன்று, எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் கரோல் கிரைடர் பார்த்தார். 2009-ல் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் நோபல்.

இப்போ கல்லீரலுக்கு வருவோம். மதுவோ ஹெபடைடிஸ் வைரஸோ செல்களைக் கொல்லக் கொல்ல, மிச்சமிருப்பவை பிரிந்து இடத்தை நிரப்பும். வருஷக்கணக்கா இது நடந்தா நுனி தேஞ்சு, செல்கள் பிரிய முடியாமல் நிற்கும். அந்த இடத்தில் தழும்பு வளரும். 2000-ல் ருடால்ஃபும் டிபின்ஹோவும் டெலோமரேஸ் இல்லாத எலிகளுக்கு அந்த மரபணுவைக் கொடுத்தபோது சிரோசிஸ் குறைந்தது.

அப்போ டெலோமரேஸ் மருந்தா? அங்கதான் சிக்கல். நுனி ரொம்பத் தேய்ந்தால் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி உடையும். அந்தக் குழப்பத்தில் ஏதோ ஒரு செல் டெலோமரேஸை மறுபடி முடுக்கிவிட்டால், அது நிற்காமல் பெருகலாம். இந்த நொதியை முடுக்கும் மரபணு மாற்றம் கல்லீரல் புற்றுநோயில் அடிக்கடி தென்படுகிறது. ஆக, குட்டை நுனி ஒரு செல்லுக்கு பிரேக், இன்னொன்றுக்கு விபத்து. நீளத்தை மட்டும் வெச்சு எதுன்னு சொல்றது? அதுவும் ரத்தத்தில் அளப்பது வெள்ளணுக்களோட நுனியை; கல்லீரலுடையதை இல்ல.

பெரியப்பாகிட்ட இதைச் சுருக்கிச் சொன்னேன். சிரோசிஸ் இருந்தால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்கணும்னும் ஞாபகப்படுத்தினேன். போன தடவை எடுக்கவே இல்லையாம். திங்கட்கிழமை கூட்டிட்டுப் போறேன்.