துப்பறியும் குறுநாவலும் வாசிப்பின் வரலாறும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழ் நாவலின் வரலாற்றை 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்னும் நூலிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். இங்கு எழுதப்பட்டவை யாவை என்பதை இவ்வரலாறு உரைக்கின்றது. இங்கு வாசிக்கப்பட்டவை யாவை என்னும் வினாவிற்கு அதில் போதிய இடமில்லை. ஜோர்ஜ்டவுனில் பழைய நூற்கடை ஒன்றில் அண்மையில் நமக்குக் கிடைத்த சங்கர்லால் குறுநாவல் ஒன்று அவ்வினாவை எழுப்பியது. அதன் முதற்பக்கத்தில் மூவரின் கையெழுத்துகள் காணப்பட்டன.

உலக அளவில் எட்கர் ஆலன் போ 1841இல் தொடங்கிவைத்த இவ்வகைமை, 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸின் வருகையால் பரவலாயிற்று. தமிழில் பண்டித நடேச சாஸ்திரி 1894இலேயே தானவன் என்னும் காவல்துறை நிபுணரைப் படைத்தார். தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார் மேனாட்டுக் கதைகளைத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950இல் திரைப்படத்திலும் தோன்றினார்.

இம்முன்னோரின் நடை வடசொற்கள் மலிந்தது. தமிழ்வாணனோ (1926–1977) பிறமொழிச் சொற்களை விலக்கி, சிறு வாக்கியங்களில் சங்கர்லால் கதைகளை எழுதினார். தேநீர் அருந்தியவாறு சிந்திக்கும் துப்பறிவாளரையும் அவர்தம் மனைவி இந்திராவையும் அறிந்த வாசகர், அடுத்த கதையில் அறிமுகம் வேண்டாமலே நுழையலாயினர். கதைமாந்தர் பலர் தூய தமிழ்ப் பெயர் தாங்க, தலைவர் மட்டும் வடபுலப் பெயருடன் உலவுவது நோக்கத்தக்கது. குற்றத்தை ஆராய்பவர் ஊர், உறவு ஆகிய கட்டுகளுக்கு வெளியே நிற்க வேண்டும் என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம் என்பது நம் கருத்து.

1926 முதல் 1970களின் தொடக்கம்வரை ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம் ஆகியவற்றைப் பினாங்குடன் இணைத்தது. கடல்வழி வந்த மலிவு நூல்கள் பலர் கைமாறின. ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க குறுநாவல், குறைந்த கல்வியுடையோருக்கும் விரைந்து வாசிக்கும் பழக்கத்தை அளித்திருக்கக்கூடும். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலே அங்கு ஆசிரியராயிற்று எனலாம்.

நாமும் பள்ளிநாட்களில் இக்கதைகளைப் பாடநூலுக்குள் மறைத்து வாசித்தவரே. எனினும், கடல்கடந்து மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவற்றுள் ஒன்றனைக்கூடக் குறிப்பிட்டோமில்லை. நம்மை வாசகராக்கிய நூல்களை நாமே வரலாற்றிலிருந்து நீக்கினோம். இக்குறை நம் ஒருவருக்கே உரியதன்று என எண்ணுகின்றோம்.

இலக்கியத் தரத்தில் இவையனைத்தையும் உயர்த்திக் கூறுவது நம் நோக்கமன்று. பல கதைகளில் முடிச்சு எளிதில் அவிழ்கின்றது. குற்றவாளியை முன்கூட்டியே உணர்ந்துவிடலாம். ஆயினும், அந்த முதற்பக்கக் கையெழுத்துகள் வாசிப்பு வரலாற்றின் சான்றுகளாகும். தாள் பொடியாகுமுன் தமிழாசிரியர்கள் தத்தம் ஊர்களில் இத்தகைய நூல்களைத் திரட்டி, வைத்திருந்தோரின் நினைவுகளையும் பதிவு செய்தல் வேண்டும்.