கம்பளத்தைக் காத்த கைகள்



ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பறக்கும் கம்பளத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கதை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், அந்தக் கம்பளம் அழுக்கானால் எப்படித் துவைப்பார்கள்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. வீட்டில் அம்மாவோடு சேர்ந்து துணி துவைக்கும் பிள்ளையின் மனத்தில்தான் இக்கேள்வி எழும். அன்று தேடத் தொடங்கிய விடையையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

கம்பளம் என்றதும் பாரசீகமே நினைவுக்கு வருகிறது. 1935-ஆம் ஆண்டு முதல் உலகம் அந்நாட்டை ஈரான் என்ற பெயரால் அழைத்து வருகிறது. அங்கு நெய்யப்படும் கம்பளம் நம் வீட்டுப் பாயைப் போன்றதன்று, ஜமுக்காளத்தைப் போன்றதுமன்று. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவார்கள். அந்நூல்களில் கம்பளி இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிடுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவார்கள். பின்னர் மேலே நீண்டிருக்கும் நுனிகளைக் கத்தரித்துச் சமப்படுத்துவார்கள். நாம் காணும் பூவும் கொடியும் அந்த முடிச்சுகளின் நுனிகளே.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கம்பளத்திற்கு முதற்பகைவன் அழுக்கு நீர் அன்று, மணல்தான். காலில் ஒட்டி வரும் மணல், மயிர்ப்பரப்பின் வழியே இறங்கி முடிச்சின் அடியில் தங்கிவிடுகிறது. அதன்மேல் மிதிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மணியும் சிறு கத்தியைப் போல் கம்பளியை அறுக்கிறது. ஆகவேதான் பாரசீக மக்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். இவ்வழக்கம் நமக்கும் புதியதன்று.

கம்பளத்தின் வயது நம்மை வியக்க வைக்கும். 1949-ஆம் ஆண்டில் செர்கெய் ருடென்கோ என்னும் சோவியத் ஆய்வாளர், சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில் ஒரு பழைய கல்லறையை அகழ்ந்தார். அதனுள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் 1.83 மீட்டர் அகலமும் உள்ள ஒரு முடிச்சுக் கம்பளம் கிடைத்தது. அது கி.மு. ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை நெய்தவர் பாரசீகரா வேறு இனத்தவரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கல்லறைக்குள் நீர் புகுந்து உறைந்ததால், அந்துப்பூச்சியும் அழுகலும் அதை அண்டவில்லை. அதைப் பனிக்கட்டி காத்தது. வீட்டில் விரித்த கம்பளத்தையோ மனிதக் கைகள்தாம் காக்க வேண்டும்.

பாரசீகப் புத்தாண்டு 'நவ்ரூஸ்' எனப்படும். அது மார்ச்சுத் திங்கள் 20 அல்லது 21-ஆம் நாளில் பிறக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக வீடுதோறும் துப்புரவு வேலை நடக்கும். 'வீட்டைக் குலுக்குதல்' என்றே அதற்குப் பெயர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் வீட்டைக் கழுவுவதைப் போன்றது அது. அப்போது கம்பளங்களை வெளியே எடுத்துத் தட்டுவார்கள், துவைப்பார்கள். பனி பெய்யும் மலை ஊர்களில் கம்பளத்தை உலர்ந்த பனியின்மேல் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடிப்பதும் உண்டு. புழுதி பனியில் ஒட்டிக்கொள்ளும். கம்பளம் அதிகம் நனையாது.

துவைக்கும் முறையும் பக்குவமானது. முதலில் புழுதி முழுவதையும் தட்டி நீக்குவார்கள். பிறகு ஓடும் நீரில் நனைப்பார்கள். நம் மக்கள் சீயக்காயையும் பூந்திக்காயையும் பயன்படுத்தியதுபோல், அவர்கள் 'சூபக்' என்னும் ஒருவகை வேரின் நுரையைப் பயன்படுத்தினார்கள். மரத்துடுப்புப் போன்ற பலகையால் மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே நீரைத் தள்ளி, நுரை முழுவதும் போகும்வரை அலசுவார்கள். தெகரானுக்குத் தெற்கே ரேய் நகரில் 'சஷ்மே அலி' என்னும் ஊற்று உள்ளது. அவ்வூற்று நீர் கம்பளத்திற்கு உகந்தது என்று மக்கள் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட படங்களில், அங்குள்ள பாறைகள் முழுவதும் கம்பளங்கள் காய்வதைக் காணலாம்.

காஷான் நகருக்கு அருகே மஷ்ஹத் அர்தஹால் என்னும் ஊரில் இவ்வேலை ஒரு வழிபாடாகவே நடந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையன்று, அங்கு அடக்கமான சுல்தான் அலி என்னும் பெரியாரின் நினைவாக ஒரு கம்பளத்தை எடுத்துச் சென்று ஓடும் நீரில் நனைக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இச்சடங்கை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. துவைக்கும் தொழிலைத் தாழ்வாக நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படி நீரில் அலசியும் வண்ணம் போகாமல் இருந்ததற்குக் காரணம் சாயமே. சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர், நீலத்திற்கு அவுரி, மற்ற நிறங்களுக்கு மாதுளைத் தோலும் வாதுமைக்கொட்டை போன்ற அக்ரூட்டின் மேல்தோலும் உதவின. சாயம் கம்பளியைப் பற்றிக்கொள்ளப் படிகாரம் சேர்த்தார்கள். அவுரி நீலம் நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தும் அங்கே சென்றது.

1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் வேதிப்பொருளிலிருந்து ஒரு செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அவ்வகைச் சாயங்கள் பாரசீகத்திலும் புகுந்தன. விலை மலிவு, நிறமோ பகட்டு. ஆனால் அந்நாளைய சாயங்களுள் பல வெயிலில் வெளிறின. நீர் பட்டதும் பக்கத்து நிறத்தில் ஊறின. தலைமுறை தலைமுறையாகத் துவைத்துப் பழகிய கைகள், முதன்முறையாகத் தம் துவைப்பினாலேயே கம்பளம் கெடுவதைக் கண்டன. பாரசீக அரசு அச்சாயங்களின் இறக்குமதியைத் தடுக்கவும் முயன்றது.

அதே காலத்தில் மேலை நாடுகளின் தேவை பெருகியது. மான்செஸ்டர் நகரைச் சார்ந்த சீக்லர் நிறுவனம் 1883-இல் சுல்தானாபாத்தில், அதாவது இன்றைய அராக் நகரில், கம்பளத் தொழிலை அமைத்தது. 1920-களில் அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற பல கம்பளங்களைக் காட்டமான இரசாயனத்தில் கழுவினார்கள். பளபளப்பு வந்தது, நிறம் வெளுத்தது. வெளுத்த நிறத்தின்மேல் தூரிகையால் மீண்டும் சாயம் பூசினார்கள். கம்பளியின் வலிமையோ குறைந்தது. இன்று அதிகப் பால் வேண்டுமென்று பட்டையை ஆழமாகச் சீவினால் நாளை மரம் என்ன ஆகும் என்பது நம் நேயர்களுக்குத் தெரியாததன்று.

இனி நாம் சொல்லப்போவது மனத்தை வருத்தும் செய்தி. கிர்மான் நகரின் கம்பளங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை நெய்தவர்களில் பலர் குழந்தைகள். சிறுவிரல்கள் நுண்ணிய முடிச்சிட ஏற்றவை என்று முதலாளிகள் காரணம் கூறினார்கள். தாழ்ந்த, காற்றோட்டமற்ற, ஈரம் கசியும் அறைகளில் நெடுநேரம் குந்தியிருந்து வேலை செய்ததால், பல குழந்தைகளின் எலும்பு வளைந்தது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் இதைப் பாரசீக அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றது. 1923-ஆம் ஆண்டின் இறுதியில் கிர்மான் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை. 8 வயதுக்குட்பட்ட சிறுவரையும் 10 வயதுக்குட்பட்ட சிறுமியரையும் அமர்த்தலாகாது. ஈரமான நிலவறைகளில் தறி போடலாகாது என்பன அதன் விதிகளுட் சில. எழுதிய விதி எங்கும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

எண்ணிப் பாருங்கள், நேயர்களே. கம்பளத்தை ஈரத்தில் வைத்தால் மட்கும் என்று அறிந்திருந்தவர்கள், அதை நெய்யும் குழந்தையை ஈரத்தில் உட்கார வைத்தார்கள். எங்களிடம் கேள்வி கேட்ட அச்சிறுமிக்கு வயது பத்து. அந்த ஆணையின்படி அவளும் தறிக்குச் செல்லலாம்! அவள் வகுப்பறையில் அமர்ந்து கேள்வி கேட்கிறாள் என்பது சிறிய செய்தியன்று.

கம்பளங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரசீகத்தின் அர்தபில் நகரில் ஷேக் சஃபி என்னும் ஞானியின் அடக்கத்தலத்தில் இருந்தது அது. நீளம் சுமார் 10.5 மீட்டர், அகலம் 5 மீட்டருக்கும் அதிகம். பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்தில் ஏறக்குறைய 5,300 முடிச்சுகள்! அதன் ஓரத்தில் மக்சூத் காஷானி என்னும் பெயரும் ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. அது கி.பி. 1539-40 ஆகும். முடிச்சிட்ட மற்றவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. 1893-இல் இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகம் 2,000 பவுனுக்கு அதை வாங்கியது. அதற்கு இணையாக மற்றொரு கம்பளமும் இருந்தது. ஒன்றின் கிழிசலைச் சரிசெய்ய மற்றொன்றின் துண்டுகளை வெட்டி எடுத்தார்கள். ஓரங்களை இழந்த அக்கம்பளம் இன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அரும்பொருளகத்தில் உள்ளது. சிறு கிழிசலை அன்றே தைத்திருந்தால் ஒன்றுக்காக மற்றொன்றைச் சிதைக்க நேர்ந்திருக்குமா? இலண்டன் கம்பளத்திற்கு இப்போது கண்ணாடிக் கூடம் அமைத்திருக்கிறார்கள். நிறம் வெளிறாதிருக்க, அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கேற்றிக் காட்டுகிறார்கள்.

இவ்வரலாறு கற்பிக்கும் முறைகளை இனித் தொகுத்துக் கூறுவோம். நம் சகோதரிகளுள் சிலர் கம்பளம் விரித்த வீடுகளில் பணிபுரிகிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும்.

வாரந்தோறும் தூசியை நீக்குக. மின்கருவியால் உறிஞ்சினால் மயிர் சாய்ந்த திசையில் செல்க. ஓரக் குஞ்சத்தில் கருவி படலாகாது. ஏதேனும் சிந்தினால் தேய்க்காமல், வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நீர் படுமுன், ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் வீட்டில் துவைக்கலாகாது. வெந்நீரும் வெளுக்கும் இரசாயனமும் ஆகா. துவைத்தால் முன்னும் பின்னும் முற்றாக உலர வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் அவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தலைமாற்றிப் போட்டால், தேய்மானமும் வெயிலும் ஒரே பக்கத்தைத் தாக்கமாட்டா. நாற்காலி, அலமாரிகளின் அடியில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும். அவற்றை நகர்த்திப் பார்க்க வேண்டும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். ஓரம் பிரிந்தால் அன்றே தைத்துவிட வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அச்சிறுமிக்கு இவ்விடையைச் சொன்னோம். அவள் சற்றே யோசித்தாள். "அப்படியென்றால், நெய்தவர்களைப் போலவே துவைத்தவர்களும் கெட்டிக்காரர்கள்தானே, சார்?" என்றாள். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நாங்களும், "ஆமாம், அம்மா" என்று சொல்லி அடுத்த பாடத்தைத் தொடங்கினோம்.