மாயவரத்து மகாவித்துவான் வீட்டுச் சோறு

மாயவரத்துப் பள்ளியொன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் பாடிய தலபுராணங்களை எண்ணிச் சொல்வார்கள். இருபதுக்கு மேல் பாடினார், உண்மைதான். ஆனால் அந்த வீட்டு அடுப்படியைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம். கையில் காசு தங்காத மனிதர், பாடம் கேட்க வந்தவர்களிடம் சம்பளம் வாங்காததோடு பலருக்குத் தம் வீட்டிலேயே சோறும் போட்டார்.

1815இல் திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர். தகப்பனார் சிதம்பரம் பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். மகன் ஆளாகும் முன்பே போய்விட்டார். நூல்கள் ஏட்டில் கிடந்த காலம் அது. சுவடி யாரிடம் இருக்கிறதோ அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் பிச்சையெடுத்துத் திரிந்தார். இவர் அவர் பின்னாலேயே அலைந்து, வேண்டியதைச் செய்துகொடுத்து, அந்த நூலைப் பாடம் கேட்டார். படிப்புக்காகப் பிறர் வாசலில் காத்து நின்றவர் என்பதால்தான், தம் வாசலுக்கு வந்த பையன்களின் பசி அவருக்குத் தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

வருமானம் நிலையானதல்ல. ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்குப் புராணம் பாடித்தரக் கேட்பார்கள். பாடி அரங்கேற்றினால் பணமும் சால்வையும் கிடைக்கும். திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது. மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை உற்ற நண்பர். இருந்தும் வந்த பணம் வந்த வழியே போயிற்று, கடன் ஏறியது.

1871இல் வந்து சேர்ந்த சாமிநாதன் என்ற மாணவர் பிற்காலத்தில் இதையெல்லாம் எழுதிவைத்தார். ஒருநாள் காலை ஆசிரியர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் வரவில்லை, வீட்டில் இல்லை. அவரோ எதையும் காட்டிக்கொள்ளாமல் பாடம் சொல்லிக்கொண்டே போகிறார். நிலைமையைப் புரிந்துகொண்ட மாணவர் தம் கைக்காசில் எண்ணெய் வாங்கிச் சத்தமில்லாமல் உள்ளே சேர்ப்பிக்கிறார். அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்தபோதெல்லாம் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். அவர்களில் பலர் வீட்டிலும் எண்ணெய் தீர்ந்த நாட்கள் உண்டு.

சாதி, மதம் பார்த்து அவர் பாடம் சொல்லவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவரிடம் படித்தவர். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். 1876 பிப்ரவரி 1 அன்று ஆசிரியரின் உயிர் பிரிந்தபோது அவரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் இந்தச் சவேரிநாதர்தான். பக்கத்தில் சாமிநாதன் திருவாசகம் வாசித்துக்கொண்டிருந்தார். சேர்த்துவைத்த சொத்து ஒன்றுமில்லை, கடன் இருந்தது.

அவரிடம் படித்த தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரானார். 1880இல் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்குச் சாமிநாதனைக் கொண்டுவந்தார். அந்தச் சாமிநாதன்தான் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்தவை இன்று நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. உ.வே.சா. தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய சரித்திரமும் கிடைக்கிறது. தமிழாசிரியர் ஆகப்போகிற ஒவ்வொரு பிள்ளையும் இலக்கணத்துக்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும். படியுங்கள்.