மலைப்பாதைக்கு எந்தச் சில்லு? சிறிய காருக்கு ரிம்மும் டயரும் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதில் முச்சக்கரவண்டிகளோடு சிறிய கார்களும் சேர்ந்துவிட்டன. பாடசாலைப் பிள்ளைகள், சந்தைச் சாமான், நள்ளிரவில் வலியெடுத்த கர்ப்பிணி என எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் வருகிறது. மேல் டிவிஷன் லயத்திலிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இறங்கும் இரவுப் பயணத்தில், காருக்கும் வீதிக்கும் இடையில் இருப்பது நான்கு டயர்கள் மட்டுமே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் பலருக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே பழைய அல்டோவையும் வெகன் ஆரையும் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் பலரும் முதலில் மாற்றுவது சில்லைத்தான். "அலோய் ரிம் பாரம் குறைவு, மேட்டில் நன்றாக இழுக்கும், பெற்றோலும் மிச்சம்" என்று கடையில் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

மேட்டில் கார் ஏன் திணறுகிறது?

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் குறைந்த காற்றையே உள்ளே இழுக்கும். நுவரெலியா உயரத்தில் அது தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. அல்டோ 800 காரின் எஞ்சின் வலு ஏறத்தாழ 48 குதிரைத்திறன். நுவரெலியாவை அடையும்போது அதில் 40 அளவே மிஞ்சும்.

நான்கு பேர் ஏறிய காருடன் றம்பொட வளைவுகளில் முதலாம் கியருக்கு இறங்க வேண்டியிருப்பதற்கு இது முக்கிய காரணம். எஞ்சின் பழுது என்று நினைத்துக் கராஜுக்கு ஓட வேண்டியதில்லை. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. எந்தப் பாரத்தை, எவ்வளவு குறைக்கிறோம் என்பதே கேள்வி.

எடை குறைந்தால் எவ்வளவு லாபம்?

இரும்பு ரிம்மைக் கழற்றி அலோய் ரிம் போட்டதில் ஒரு சில்லுக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் 6 கிலோ. நான்கு பேரும் சாமானும் ஏறிய சிறிய கார் கிட்டத்தட்ட 1,000 கிலோ. ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது எஞ்சின் தூக்க வேண்டியது மொத்த எடையைத்தான். அதில் 6 கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

சில்லு சுழலும் பொருள் என்பதால் அதன் எடை இரட்டிப்பாகக் கணக்கில் வரும் என்பார்கள். வேகத்தைக் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது ஓரளவு உண்மை. அப்போதும் அந்த 6 கிலோ அதிகபட்சமாக 12 கிலோவுக்குச் சமம். டிக்கியில் மறந்து கிடக்கும் 25 கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தால் அதைவிடக் கூடுதல் லாபம்.

பாரம் குறைந்த சில்லின் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. சில்லும் பிரேக்கும் சஸ்பென்ஷனின் கீழே, வில்லால் தாங்கப்படாமல் இருக்கும் பாகங்கள். அந்தப் பகுதி பாரமாக இருந்தால், குழியில் விழுந்து எழும்போது சில்லு துள்ளும். துள்ளும் கணத்தில் டயர் வீதியைப் பிடிக்காது. பாரம் குறைந்த சில்லு குழியின் வடிவத்தைப் பின்தொடர்ந்து சட்டென்று தரையில் படியும். ஷொக் அப்சோர்பருக்கும் வேலை குறையும். உடைந்த தார் வீதி நிறைந்த தோட்டப்புறத்தில் இது மதிப்புள்ள நன்மைதான். மேட்டில் இழுப்பதோ பெற்றோல் மிச்சமோ கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை.

பெரிய ரிம் போட்டால் இழப்பு

கார்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ரிம்மின் அளவில். அலோய் போடும்போது 12 அங்குலத்திலிருந்து 14 அங்குலத்துக்குத் தாவுகிறார்கள். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். கணக்கு வேறு கதை சொல்கிறது.

அல்டோ 800 காருக்குத் தொழிற்சாலை கொடுத்த டயர் 145/80 ஆர்12. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முழுச் சில்லின் விட்டம் ஏறத்தாழ 537 மி.மீ. வெகன் ஆருக்குரிய 155/65 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 557 மி.மீ. அதை அல்டோவில் போட்டால் விட்டம் நூற்றுக்கு 3.8 கூடுகிறது.

விட்டம் கூடினால் எல்லாக் கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடும். சில்லு வீதியைத் தள்ளும் விசை நூற்றுக்கு ஏறத்தாழ 3.6 குறையும். 1,000 கிலோ காரில் இது 38 கிலோவை மேலும் ஏற்றியதற்குச் சமம். ரிம்மில் 6 கிலோவை மிச்சம் பிடித்து, விட்டத்தில் 38 கிலோவை இழப்பது என்ன வியாபாரம்? போதாததற்கு, பெரிய ரிம் சிறிய இரும்பு ரிம்மைவிடப் பாரமாகவும் இருக்கலாம். மீற்றர் 40 காட்டும்போது கார் 41.5 கிலோமீற்றர் வேகத்தில் போகும்.

விட்டம் மாறாமல் ஓர் அங்குலம் கூட்ட வழி உண்டு. 155/65 ஆர்13 டயரின் விட்டம் ஏறத்தாழ 532 மி.மீ. மூல அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் பாரம் தாங்கும் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 145/80 ஆர்12 டயரில் வழக்கமாக இருக்கும் 74 என்ற குறியீடு, டயர் ஒன்று 375 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது. 155/65 ஆர்13 டயரில் வழக்கமாக இருப்பது 73. அது 365 கிலோ. ஆட்களை நெருக்கி ஏற்றும் ஹயர் காருக்கு, தொழிற்சாலை கொடுத்த குறியீட்டுக்குக் கீழே இறங்காமல் இருப்பதே நல்லது.

இரும்பா, அலோயா?

குழியில் மோதினால் இரும்பு ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலோய் ரிம் வெடிக்கலாம். வெடித்ததை ஒட்டவைத்து ஓட்டுவது மலைப்பாதையில் உயிரோடு விளையாடுவது. அச்சில் அழுத்தி அடித்துச் செய்த ரிம் பாரமும் குறைவு, பலமும் அதிகம். விலையும் அதற்கேற்ப இருக்கும். விலை மலிவாகவும் பாரம் மிகக் குறைவாகவும் ஒரு ரிம் கிடைத்தால், எங்கே உலோகத்தைக் குறைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

பக்கச்சுவரின் உயரமும் முக்கியம். 145/80 ஆர்12 டயரில் அது 116 மி.மீ. 165/55 ஆர்15 டயரில் 91 மி.மீ. மட்டுமே. கல் பரப்பிய தோட்ட வீதியில் அந்த 25 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றும் மெத்தை. பிரதான வீதியை விட்டு இறங்காத காருக்கு அலோய் பரவாயில்லை. தினமும் டிவிஷன் வரை ஏறும் காருக்கு, தொழிற்சாலை கொடுத்த சிறிய இரும்பு ரிம் இன்றும் நல்ல தெரிவு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் பாவித்த ரிம் வாங்குபவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

போல்ட் துளைகளின் இடைவெளி: நான்கு துளைச் சிறிய கார்களில் 100 மி.மீ., 114.3 மி.மீ. என்ற இரு அளவுகளும் உண்டு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. துளையைப் பெருப்பித்துப் பொருத்தித் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள்.

நடுத்துளையும் நட்டும்: நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டு இறுக்கமாக்க வேண்டும். இரும்பு ரிம்மின் பழைய நட் அலோய்க்குப் பொருந்தாமல் போகலாம். பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முத்திரை: ஜப்பானிய அலோய் ரிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்ற தரக்குறியும், பரிசோதிக்கப்பட்டதைக் காட்டும் வி.ஐ.ஏ. குறியும் வார்க்கப்பட்டிருக்கும். அதோடு, ரிம்மைச் சுழற்றி உள்விளிம்பில் வளைவும் வெடிப்பும் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கப் பெயின்ட் எதையும் மறைக்கும்.

உரசல்: நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக வெட்டிப் பாருங்கள். வெறும் காரில் உரசாத டயர், பாரம் ஏறிய காரில் கொண்டை ஊசி வளைவில் உரசும்.

உயிர் தங்கியிருப்பது டயரில்

மேட்டில் இழுக்காத கார் நேரத்தை மட்டுமே வீணாக்கும். பள்ளத்தில் நிற்காத கார் ஆளைக் கொல்லும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். உயிரிழந்தவர்கள் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்தவர்கள். நம் வாகனம் சரியாக இருந்தாலும் எதிரே வருவது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சட்டென்று நிறுத்தவும் ஒதுங்கவும் நம் டயருக்குப் பிடி இருக்க வேண்டும்.

எனவே காசு முதலில் போக வேண்டிய இடம் ரிம் அல்ல, டயர். அதன் பள்ளக் கோடுகளுக்குள்ளே சிறிய மேடுகள் இருக்கும். தேய்ந்து அவற்றுக்குச் சமமானால் எஞ்சியிருக்கும் ஆழம் 1.6 மி.மீ. ஈர வீதியில் பிடி அதற்கு முன்பே பெரிதும் குறைந்துவிடும். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நீடிக்கும் இந்தப் பகுதியில் 3 மி.மீ. மிஞ்சும்போதே மாற்றுவது பாதுகாப்பு.

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறு வயது தாண்டினால் வெடிப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பத்து வயதானால் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பாவித்த ஜப்பானிய டயரில் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல் இருந்தால் அது பனிமழைக்கென்று செய்த மென்மையான டயர். நமது ஈரத் தார் வீதியில் அதன் பிடி குறைவு, சீக்கிரம் தேயும்.

டயரிலும் பாரம் குறைந்தது உண்டு. டயர் அச்சிலிருந்து தூரத்தில் சுழல்வதால் அதில் குறையும் எடை ரிம்மில் குறைவதைவிடப் பயன் தரும். ஆனால் பக்கச்சுவர் மெலிந்த டயர் கூர்மையான கல்லில் கிழியும். ஜப்பானிய டயர்களின் ஒட்டுச்சீட்டில் எரிபொருள் சிக்கனத்துக்கு ஒரு தரமும், ஈரத்தில் பிடிக்கு ஏ முதல் டி வரை இன்னொரு தரமும் இருக்கும். இரண்டாவதை முதலில் பாருங்கள். அகலமான டயர் தேங்கிய நீரில் எளிதில் மிதக்கும் என்பதால், மழை வீதிக்கு அகலத்தைக் கூட்டத் தேவையில்லை.

இரண்டு டயர்களுக்கு மட்டுமே காசு இருந்தால் அவற்றைப் பின்னால் போடுவதே பாதுகாப்பு. ஈர வளைவில் இறங்கும்போது பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கடினம். ஆனால் இழுப்பதும் பெரும்பாலான பிரேக் வேலையும் முன் டயர்களில் என்பதால், அவற்றையும் மொட்டையாக விடக்கூடாது.

காற்று எவ்வளவு?

கொழும்பில் அடித்த காற்று மேலே போனால் கூடிவிடும் என்று பலர் குறைத்து அடிக்கிறார்கள். உயரத்தால் நுவரெலியாவில் அளவி ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்பது சரி. ஆனால் 30 பாகை வெப்பத்திலிருந்து 10 பாகைக் குளிருக்குப் போகும்போது அதே 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. இரண்டும் சரிக்குச் சரி. ஆகவே குறைத்து அடிக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது மலையகத்தின் பகல்-இரவு வித்தியாசத்தை. மதியம் 25 பாகையில் 30 அடித்த டயர், மறுநாள் காலை 8 பாகையில் 28க்கும் கீழே நிற்கும். ஓடிச் சூடான டயரில் அளந்தாலும் கணக்குப் பிழைக்கும். சாரதியின் கதவருகே ஒட்டியிருக்கும் அளவை, காலையில் கார் ஓடுமுன் பார்த்து நிரப்புவதே முறை.

காசு எந்த வரிசையில் போக வேண்டும்?

1. மூல அளவிலேயே, திகதி புதிதான, ஈரத்தில் பிடியுள்ள நான்கு டயர்கள்.
2. பிரேக் லைனிங், பிரேக் எண்ணெய், ஷொக் அப்சோர்பர்.
3. சில்லுச் சமநிலையும் வீல் அலைன்மென்டும்.
4. ஐந்தாவது சில்லு. மூடுபனிக்குள் பஞ்சரானால் காத்திருக்க இடமில்லாத பாதைகள் இங்கே ஏராளம்.
5. இவை முடிந்து காசு மிஞ்சினால், மூல விட்டத்துக்கு உட்பட்ட, முத்திரையுள்ள, தராசில் நிறுத்துப் பார்த்த அலோய் ரிம்.

கடைக்காரர் "பாரம் குறைவு" என்று சொன்னால் பழைய ரிம்மையும் புதிய ரிம்மையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். எந்தச் சில்லைப் போட்டாலும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் விதி மாறாது. இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்தியபடி வந்தால் அது சூடேறிக் கைவிடும். அந்த நேரத்தில் எந்த ரிம்மும் காப்பாற்றாது.