ஒரே குடும்பத்தில் ஏன்? – ஆல்போர்ட் நோயின் கதை

சிறுநீரகம் கெட்டுப்போனால் நாம் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றுதான் காரணம் தேடுவோம். ஆனால் பிறக்கும்போதே கூட வரும் காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்த கதை இது.

1902-ல் லியோனார்ட் கத்ரி என்ற ஆங்கில மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தில் பலருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. 1923-ல் ஆர்தர் ஹர்ஸ்ட் அதே குடும்பத்தைப் பற்றி மறுபடியும் எழுதினார். பிறகு லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இருந்த தென்னாப்பிரிக்க மருத்துவர் செசில் ஆல்போர்ட் அவர்களைப் பரிசோதித்தார். 1927-ல் அவர் எழுதிய கட்டுரையில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, பலருக்குக் காதும் கேட்கவில்லை. இரண்டு, ஆண்கள் இளம் வயதிலேயே இறந்தார்கள். பெண்களோ முதுமைவரை வாழ்ந்தார்கள்!

காதுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? விடை தெரிவதற்குள் 1959-ல் ஆல்போர்ட் இறந்துவிட்டார். 1961-ல்தான் நோய்க்கு அவர் பெயர் வந்தது. 1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்வு அடுக்கடுக்காகப் பிளந்திருப்பது தெரிந்தது.

1990-ல் காரணமான மரபணுவும் கிடைத்தது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நான்காம் வகை கொலாஜன் என்ற புரதத்தின் ஓர் இழையை உருவாக்குவது அதன் வேலை. மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு, பிறகு வலையாகப் பின்னிக்கொள்ளும். ஓர் இழை சரியில்லை என்றால் கயிறே உருவாகாது. இதே வலை உள்காதிலும் கண்ணின் லென்ஸ் உறையிலும் இருக்கிறது. காது கேட்காமல் போனதன் மர்மம் இதுதான்.

ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் மாற்று இல்லை. பெண்களுக்கு இரண்டு என்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. எக்ஸ் வழியாக மட்டுமல்ல, இரண்டாம் குரோமோசோமில் உள்ள இரு மரபணுக்களாலும் இந்நோய் வரும் என்பது பிறகு தெரிந்தது.

இதில் ஒரு பெரிய தவறும் நடந்தது. பெண்கள் நோயைக் கடத்துபவர்கள் மட்டுமே, அவர்களுக்கு ஆபத்தில்லை என்று பல காலம் சொல்லி வந்தார்கள். உண்மையில் வயதாகும்போது அவர்களில் சிலருக்கும் சிறுநீரகம் செயலிழக்கிறது. மகனுக்குச் சிறுநீரகம் தர முதலில் முன்வருவது பெரும்பாலும் அம்மாதான். அந்த அம்மாவிடமும் அதே பழுது இருக்கலாம். கொடுத்துவிட்டு மிஞ்சும் ஒன்றும் கெட்டால்?

நோயை முழுதாகக் குணமாக்க இன்னும் வழியில்லை. ஆனால் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சீக்கிரம் தொடங்கினால் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். அதற்கு நோய் இருப்பது முதலில் தெரிய வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்றால், அம்மா, அக்கா, தங்கை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை தேவை.